இழையின் அந்தப் பக்கம்

வல்லக்கோட்டைக்குத் திரும்புகிற சாலை முனையில், பஞ்சர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் இருந்த ஜப்பான்காரர் நூடுல்ஸ் கடையில், தயாளன் வாயில் வைத்த ஒரு இழை முடியாமல் வந்துகொண்டே இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் மனைவி கஜலட்சுமிக்கு முதலில் வந்தது பயமல்ல, வெட்கம்தான். கல்யாண நாளென்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடை நிறையத் தொழிற்சாலை ஆட்கள். அத்தனை பேரும் பார்க்க அவள் புருஷன் கன்னம் இரண்டும் குழிய, உதடு குவிய, ஒரே இழையை உறிஞ்சி உறிஞ்சி உறிஞ்சிக்கொண்டே இருந்தான்.

அந்தக் கடைக்கு அவளை ஒருநாள் கூட்டிவர வேண்டுமென்று தயாளன் வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கியர்பாக்ஸ் செய்கிற ஜப்பான் கம்பெனியில் வேலை பார்த்தான். ஷிப்டு முடிந்து கூட்டாளிகளோடு இங்கே வந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு வருகிற நாட்களில் அவன் சட்டையில் வீசும் வாடையை வைத்தே அந்தக் கடை அவளுக்குப் பழகியிருந்தது. கடைக்காரர் பெயர் ஒகுமுரா. கம்பெனி விருந்தினர் விடுதிக்குச் சமையல்காரராக வந்தவர், ஒப்பந்தம் முடிந்தும் திரும்பிப் போகாமல் இங்கேயே கடை போட்டுவிட்டார். ஊர் வாயில் அந்தப் பெயர் தங்காமல் குமரா சார் ஆகியிருந்தது. முருகன் கோயில் சாலையில் இருக்கிறவருக்கு அது பொருந்தியும் போயிற்று.

"சத்தம் வரணும் கஜா," என்று தயாளன் சொல்லிக்கொடுத்திருந்தான். "சர்ருனு உறியணும். சத்தம் வராம சாப்ட்டா, ஆக்குனவருக்கு மனசு கஷ்டமாயிடும்."

அவள் கேட்கவில்லை. கரண்டியால் சூப்பை மட்டும் எடுத்துக் குடித்துக்கொண்டு, பாதியாக நறுக்கி வைத்திருந்த முட்டையின் மஞ்சள் கரு ஏன் இப்படிப் பாகாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சத்தம் நிற்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"கடிச்சுட்டு முழுங்குங்க. எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் தலையை ஆட்டினான். கண்ணில் நீர் கோத்திருந்தது. வாயோரத்தால் மெல்லச் சொன்னான். "கடிக்க முடியல கஜா. துடிக்குது."

அவன் உதட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே தொங்கிய இழையை அவள் இரண்டு விரலால் தொட்டாள். காய்ச்சல்காரன் மணிக்கட்டைத் தொட்டதுபோல் இருந்தது. வெதுவெதுப்பாக, விரலுக்கடியில் நாடி ஓடியது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். எத்தனை துடைத்தும் அந்தத் துடிப்பு விரல் நுனியைவிட்டுப் போகவில்லை.

குமரா சார் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார். இழையைத் தொட்டுப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தயாளனைப் பார்த்தல்ல, கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். "கடிக்க வேண்டாம். வேகம் வேண்டாம். மெதுவாகச் சாப்பிடுங்கள்," என்று புத்தகத் தமிழில் சொன்னார். பிறகு மற்றவர்கள் காத்திருந்ததால் போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

தயாளன் அன்று வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. இழை தீர்ந்தால்தானே எழுந்திருப்பது? அவனுடைய அண்ணன் எத்திராஜ், லாரி வைத்து மணலும் ஜல்லியும் ஓட்டுகிறவர், ஊரில் நாலு பேர் கேட்கிற குரல் உள்ளவர், செய்தி கேட்டு வந்து பஞ்சர் கடையில் ஒரு கத்திரிக்கோலை வாங்கி இழைமேல் வைத்தார். இரும்பு பட்டதும் இழை நெடுக, ஈரத்தில் நிற்கிற பிள்ளையின் தோல் மாதிரி, பொடிப்பொடியாகப் புல்லரித்தது. எத்திராஜ் கத்திரிக்கோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகிற வழியில் அதை ஏரியில் வீசிவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. பழகிக்கொள்ள அதற்கு அதிக நாள் ஆகவில்லை. குமரா சார் அவனுக்கு முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று வாங்கிப்போட்டார். கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளை இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். முடிதிருத்துகிறவர் வாரத்துக்கொருமுறை வந்து, இழையில் சோப்பு நுரை படாமல் நாற்காலியிலேயே அவனுக்குச் சவரம் செய்துவிட்டுப் போனார். பக்கத்து நாற்காலிகளில் ஆட்கள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள், எழுந்து போனார்கள். யாராவது சத்தமாக உறிஞ்சினால் அவனுடைய இழை நடுங்குகிறது என்று கண்டபிறகு, சொல்லாமலேயே எல்லோரும் சத்தமில்லாமல் சாப்பிடப் பழகினார்கள். கோயிலில் சாப்பிடுகிறவர்கள்போல் அந்தக் கடை அமைதியாயிற்று. படப்பையிலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் பெண்கள் வந்து கிண்ணத்தின் விளிம்பில் குங்குமம் வைத்தார்கள், குமரா சார் ஈரத்துணியால் துடைத்தார், அவர்கள் மறுபடி வைத்தார்கள். கடைசியில் கிண்ணத்துக்கு வேண்டாம் மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த நிறுத்தத்தை 'இழைக்கடை' என்று கூவ ஆரம்பித்தார்கள். மேசைக்கு முன்னால் நின்று சிலர் வேண்டிக்கொண்டார்கள், வேண்டியது நடந்தது என்றும் சொன்னார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சந்தானமேரி ஒருநாள் வந்து ஸ்டெதாஸ்கோப்பை இழைமேல் வைத்துக் கேட்டாள். "நாடி நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பிரஷர் இருக்கும்போல. உப்பைக் குறைக்கச் சொல்லுங்க," என்றாள். குமரா சார் அன்றிலிருந்து சூப்பில் உப்பைக் குறைத்தார்.

பயந்தது கஜலட்சுமி ஒருத்திதான். பிள்ளையில்லாத வீடு, அவளுக்கு அவன், அவனுக்கு அவள் என்று இருந்தவர்கள். காலையில் அவள் பூட்டைப் பூட்டிக்கொண்டு வந்தால் பொழுது சாய்கிறவரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சும்மா இருக்கிற நேரத்தில் ஒரு கையால் அவன் மணிக்கட்டையும் இன்னொரு கையால் இழையையும் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக ஓடவில்லை. அவன் நாடி நிதானமாக நடந்தது. இழையில் ஓடியது விறுவிறுவென்று, எதையோ கண்டு மிரண்டதுபோல் ஓடியது. அவனுடையது அல்ல என்றால் அது யாருடையது? இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது.

தயாளனுக்குப் பசி இல்லை, தாகம் இல்லை. நாற்காலியிலேயே தூங்கினான், தூக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினான். "இன்னைக்கு ஒரு மாதிரி கசக்குது கஜா, மருந்து போட்ட மாதிரி," என்பான் ஒருநாள். "இன்னைக்கு உப்புக் கரிக்குது. யாரோ அழுத மாதிரி," என்பான் இன்னொரு நாள். அவன் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பிரியம் தெரிந்தது. அந்தப் பிரியத்தைக் கண்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தின் நடுவில், காலை டிபன் நேரத்தில், தொங்கிக்கொண்டிருந்த இழை விறைத்தது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. தயாளன் கைகளை மேசைமேல் ஊன்றினான். அவன் உதடு முன்னால் நீண்டது. விழுங்கியது திரும்பி வந்தது: தொண்டை ஏறி இறங்க, வயிற்றுக்குள் நாள்கணக்கில் போயிருந்த இழை சாண் சாணாக மேலேறி, வாய்வழியாக வந்து, சூப்புக்குள் இறங்கி மறைந்தது. அவன் "ம்ம்… ம்ம்…" என்று முனகினான். கஜலட்சுமி எழுந்து அவன் தோளைப் பிடித்தாள். அவன் முகம் கிண்ணத்தை நோக்கிக் குனிந்துகொண்டே போயிற்று. அதைத் தடுக்க அவளால் முடியவில்லை.

"யாராவது வாங்களேன்! புடிங்களேன்!" என்று கத்தினாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். அவன் இடுப்பைப் பிடித்தார்கள், பிடித்தவர்களின் இடுப்பை வேறு ஆட்கள் பிடித்தார்கள். அவன் முகம் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அந்தப் பக்கமிருந்து வந்த இழுப்பு இன்னும் பலமாயிற்று, இவர்கள் காலை இன்னும் அழுத்தி ஊன்றினார்கள்.

மத்தியானத்துக்குள் எத்திராஜ் லாரியில் தார்ப்பாய் கட்டுகிற கயிற்றைக் கொண்டுவந்துவிட்டார். தம்பியின் இடுப்பில் துண்டு சுற்றி அதன்மேல் கயிற்றைக் கட்டி, கடை வாசல் வழியாக வெளியே விட்டார். அதற்கப்புறம் அது ஊர்க்காரியமாயிற்று. ஷிப்டு ஷிப்டாக ஆட்கள் வந்து பிடித்தார்கள். இரண்டாம் நாள் கயிறு பிரியாணிக் கடையைத் தாண்டியது, மூன்றாம் நாள் சாலையைத் தாண்டியது, போலீஸ்காரர்கள் வந்து வண்டிகளை வேறுவழியாகத் திருப்பிவிட்டார்கள். தேர்வடம் பிடிக்கிறவர்கள்போல் மழையில் நனைந்துகொண்டு, வேலா வேலா என்று குரல் கொடுத்துக்கொண்டு, தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கயிற்றைப் பிடித்தார்கள். கயிற்றைத் தொட்டால் நல்லது என்று கைக்குழந்தையின் கையைத் தொட வைத்தார்கள். சுண்டல் விற்றார்கள். ஒரு சாண் இந்தப் பக்கம் வந்தால் சாலையெல்லாம் விசில் சத்தம். அரைச் சாண் அந்தப் பக்கம் போனால் அத்தனை பேரும் வாயடைத்து நிற்பார்கள். வானொலியில் பந்தய வர்ணனை கேட்கிறவர்கள் மாதிரி, உள்ளே என்ன ஆயிற்று என்று வாசலில் நின்று ஒருவன் வெளியே சொல்லிக்கொண்டிருந்தான்.

உள்ளே தயாளனின் தாடை கிண்ணத்தின் விளிம்பில் பதிந்திருந்தது. இடுப்பில் கயிறு அறுத்து ரத்தம் கட்டியிருந்தது. முன்னால் இழை, பின்னால் ஊர். அவன் கண் மட்டும் கஜலட்சுமியைத் தேடிக்கொண்டே இருந்தது. அவள் குனிந்து இழையைத் தொட்டாள். நாடி தெறித்துக்கொண்டிருந்தது. வெளியே ஆட்கள் 'வேலா' என்று ஒரு இழுப்பு இழுத்தார்கள். நாடி பதறிப் பாய்ந்தது. ஒரு நொடி கழித்து அந்தப் பக்கத்து இழுப்பு இரண்டு பங்காகத் திரும்ப வந்தது.

"சார்," என்றாள். குமரா சார் நாள்கணக்காக அடுப்பு மூட்டாமல் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். "அந்தப் பக்கம் யார் சார்?"

"தெரியாது அம்மா."

"உங்க ஊர்ல இந்த மாதிரி…"

"இல்லை. கேள்விப்பட்டதும் இல்லை." அவர் கிண்ணத்தைப் பார்த்தார். "ஆனால் ஒரு ஆள் இவ்வளவு பலமாக இழுக்க முடியாது. அங்கேயும் ஊர் இருக்கிறது. அங்கேயும் கயிறு இருக்கிறது."

கஜலட்சுமி அதை அப்படி நினைத்துப் பார்த்திருக்கவில்லை. இத்தனை நாளும் சூப்புக்கு அடியில் இருட்டில் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிற ஏதோ ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது வேறொன்று தெரிந்தது. அங்கேயும் ஒரு மேசை, ஒரு கிண்ணம். அங்கேயும் ஒருவர் தாடை விளிம்பில் பதிந்திருக்க, பக்கத்தில் ஒருத்தி நின்று 'புடிங்களேன்' என்று கத்துகிறாள். நம்மவரை ஏதோ பிசாசு இழுக்கிறது என்று அவளுக்குப் பின்னால் ஒரு ஊரே மழையில் நின்று கயிற்றைப் பிடிக்கிறது. பிசாசைவிட இது பயமாக இருந்தது. பிசாசென்றால் இந்நேரம் களைத்துப் போயிருக்கும்.

வாசலில் நின்ற எத்திராஜிடம் போனாள். "மாமா, கயித்த உடச் சொல்லுங்க."

"இன்னாம்மா பேசற? உட்டா தம்பி உள்ள பூடுவான்."

"நாம இழுக்கறதாலதான் அவங்க இழுக்கறாங்க."

"எவங்க?"

"நம்மள மாதிரி யாரோ," என்றாள்.

எத்திராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். தூக்கமில்லாமல் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, "போய் உக்காரும்மா. உனக்கு பயமில்லாம இருக்கலாம். என் கூடப் பொறந்தவன். எனக்கு பயமா இருக்குது," என்றார்.

"எனக்கு பயமில்லன்னு யார் சொன்னாங்க மாமா?"

அவர் சாலைப் பக்கம் திரும்பி, "இன்னும் நாலு பேர் வாங்கப்பா!" என்று கையை ஆட்டினார்.

அவள் உள்ளே போனாள். கறி நறுக்குகிற கத்தியைக் குமரா சாரிடம் கேட்டாள். அவர் அதை எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி இரண்டு கையாலும் நீட்டினார். தயாளன் கத்தியைப் பார்த்தான். அதை இழைக்கென்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினான். அவள் அவனுக்குப் பின்னால் போய், கயிறு துண்டைத் தொடுகிற இடத்தில் கத்தியை வைத்து அறுத்தாள். ஒவ்வொரு புரியாக விட்டது. கடைசிப் புரி விட்டதும் சாலையில் நூறு பேர் மல்லாக்க விழுந்த சத்தம் கேட்டது. தயாளனின் முகம் சூப்புக்குள் போயிற்று.

காதுவரை போயிற்று. காதும் போயிற்று. ஒரு கிண்ணத்துக்குள் ஒரு ஆளின் தலை முழுக்கப் போக முடியாது. போயிற்று. பிடரி மயிர் மட்டும் சூப்பின்மேல் மிதந்தது. அவன் கைகள் மேசையை அறைந்தன, சாப்பிடுகிற குச்சிகளும் கரண்டியும் சிதறிப் பறந்தன. கஜலட்சுமி ஒரு கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டாளே தவிர இழுக்கவில்லை. உடம்பிலிருந்த ஒவ்வொரு நரம்பும் இழு இழு என்றது, அவள் இழுக்கவில்லை. இன்னொரு கையைச் சூப்புக்குள் விட்டுத் துழாவி, அவன் உதட்டுக்குக் கீழே இழையைக் கண்டுபிடித்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். எத்திராஜ் கத்திக்கொண்டே உள்ளே ஓடிவந்தார். குமரா சார், அந்தச் சின்ன உடம்புக்காரர், இரண்டு கைகளையும் விரித்து அவர் வழியில் நின்றார்.

விடுங்கள், என்று அவள் மனசுக்குள் சொன்னாள். நான் விட்டுவிட்டேன், நீயும் விடு. நான் விட்டுவிட்டேன் தாயே, நீயும் விடு. எந்த மொழியில் சொன்னால் அங்கே கேட்கும் என்று தெரியாததால் விரலால் சொன்னாள். இழையை அழுத்தாமல், நிறுத்தாமல் வருடிக்கொண்டே இருந்தாள். அவன் கை அவள் கைக்குள் தளர்ந்தது. நகம் நீலமாயிற்று. இன்னும் ஒரு மூச்சு நேரம், இன்னும் ஒரே ஒரு மூச்சு நேரம் என்று இருந்தாள்.

இழை தொய்ந்தது.

அங்கே யாரோ கயிற்றை விட்டார்கள். அது அவள் விரலில் தெளிவாகத் தெரிந்தது. நாடி மெல்ல அடங்கி நடக்க ஆரம்பித்தது. அவள் "அம்மா" என்று மூச்சு விட்டாள். அந்தக் கணத்தில்தான், விரலுக்கு மேலே, அவன் பற்கள் நறுக்கென்று மூடின.

தயாளன் சூப்பை வாரியடித்துக்கொண்டு மேலே வந்தான். இருமினான், மூச்சை இழுத்தான், மறுபடி இருமினான். வாயில் ஒரு துண்டு இழை இருந்தது. "முகம் கஜா," என்றான், பல் கிட்ட. "கிட்டக்க. இவ்ளோ கிட்டக்க. ஒரு பொண்ணு. வாயில இதே இழை. என்னப் பாத்து அவ மிரண்டா பாரு… நானும் பயந்துட்டேன், கடிச்சுட்டேன்."

அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஆனால் அவள் அவனைப் பார்க்கவில்லை. அறுந்த முனை அவள் விரலிடுக்கில் இருந்தது. கடிவாயிலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ கசிந்து உள்ளங்கையில் ஒழுகியது. நாடி மறுபடி தறிகெட்டு ஓடியது, இழை சூப்புக்குள் வழுக்கிக்கொண்டு போகப் பார்த்தது. இன்னும் ஒரு விரற்கடைதான் மிச்சம். ஓட்டலில் சாம்பார் பாக்கெட்டின் வாயை முறுக்கிக் கட்டுவார்களே, அதுபோல் அந்த முனையை முறுக்கி, அதையே அதன்மேல் சுற்றி, வழுக்கி வழுக்கிப் போகிற விரல்களால் ஒரு முடிச்சுப் போட்டாள். கசிவு நின்றது. முடிச்சுக்கு அந்தப் பக்கம் நாடி இருந்தது. ஒன்று. இன்னொன்று. அவள் விரலைத் திறந்தாள். இழை போயிற்று.

எத்திராஜ் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். சேறும் மழையுமாக ஆட்கள் உள்ளே நெருக்கியடித்து வந்து தயாளனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், விசில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே போனான். சாலையில் வெடி போட்டார்கள்.

கடை காலியாயிற்று. கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவில் கஜலட்சுமி கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். சூப்பின்மேல் கொழுப்பு ஆடையாகப் படிய ஆரம்பித்திருந்தது. குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"பொழச்சிருப்பாளா சார்?"

"தெரியாது," என்றார் குமரா சார்.

அவர் போய் அடுப்பைப் பற்ற வைத்தார். சட்டியில் இருந்ததைக் கொதிக்க வைத்தார். நீளப்பிடிக் கரண்டியில் ஒரு கரண்டி எடுத்துவந்து, பாதியாய் ஆறிக் கிடந்த அந்தக் கிண்ணத்தில் மெல்ல ஊற்றினார். "பயந்தவர்களுக்குச் சூடு வேண்டும்," என்றார். ஆவி எழுந்தது. இன்னொரு கரண்டி ஊற்றினார். அப்புறம் இன்னொன்று. இந்நேரம் கிண்ணம் வழிந்திருக்க வேண்டும். இருவரும் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மட்டம் ஏறவில்லை.

யாரோ குடிக்கிறார்களா, அல்லது வெறும் ஆழத்துக்குள் போகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. குமரா சாரிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, சட்டியிலிருந்து மொண்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வாய் வெந்துவிடும் என்று ஊதி ஊதி ஆற்றி, கிண்ணத்தில் விட்டாள்.